ஐந்தாவது தடம்

கார்த்திகை, கடைசி வாரம், புதன்கிழமை. ஏரியில் வலை கட்டிக்கொண்டிருந்த என் தம்பி நெஞ்சு வலிப்பதாகச் சொன்னான். உடனிருந்தவர்கள் படகைக் கரைக்குத் திருப்பினார்கள். பொன்னேரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஆட்டோவிலேயே இறந்தான். மனைவியும், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும் இருக்கிறார்கள்.

மார்கழி, முதல் வாரம். கருமாதிக்கு முன்பாக, ஏரியில் தம்பிக்கு உரிய வலைமுறை வேறொருவருக்கு மாற்றித் தரப்பட்டது.

தை, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. தம்பி மகள் மாவட்டக் குறுக்கு நாட்டு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள்.

மாசி. தடகளத்துக்கான பயிற்சியைத் தொடங்கினாள்.

சித்திரை, இரண்டாம் சனி. சென்னையில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. எண்ணூறு மீட்டர். எட்டுப் பேர் ஓடினார்கள். முதல் இருவர் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அறிவிப்பு. தம்பி மகள் மூன்றாவதாக வந்தாள்.

மேலே இருப்பவை நடந்தவை. அவற்றில் என் கருத்து எதுவும் இல்லை. இனி எழுதப்போவதில் இருக்கிறது.

நான் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். தம்பி இறந்த பிறகு சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு, அவன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறேன். எங்கள் குப்பம் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் இருக்கிறது. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்கள் எவருக்கும் சொந்தமல்ல. சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக்கொள்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவர் அடுத்த குலுக்கல் வரை தமக்கான இடத்தில் கழிகளை நட்டு வலை கட்டுவார். அடுத்தவர் பாட்டில் குறுக்கே படகு விட்டவனை எங்கள் ஊர் திருடனைவிடக் கீழாகப் பேசும். அல்லது, பேசும் என்று நான் நம்பியிருந்தேன்.

பாடு உள்ள ஒருவர் வயதுவந்த மகன் இல்லாமல் இறந்துபோனால், அடுத்த குலுக்கல் வரை உறவினர் ஒருவர் அவருக்காக வலை கட்டிப் பிடித்ததில் பாதியை அந்த வீட்டுக்குத் தர வேண்டும். எங்கள் தந்தை இறந்தபோது எங்கள் தாய்க்கு அப்படித்தான் கிடைத்தது. நான் கல்லூரிக்குப் போனதும் அந்தப் பாதியில்தான். ஆகவே இது எனக்குச் செவிவழிச் செய்தி அல்ல.

ஊர்த் தலைவர் என் தம்பியின் பாட்டைத் தம் தங்கை மகனுக்குக் கொடுத்தார். பாதி என்ற பேச்சே எழவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் கோயிலடியில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியிலேயே எனக்குப் பதில் இருந்தது. மற்ற எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சாரு வெளியூர்ல கீறவரு,” என்றார் தலைவர். “ஊர் வரி கட்றதில்ல. இந்த விசயத்துல அவர இழுத்து நாம ஏன் கஷ்டப்படுத்தணும்?”

“வரி என் தம்பி கட்டினான்,” என்றேன்.

“அவரு இல்லியே சார்.”

கூட்டத்தில் ஒருவர் செருமினார். தம்பியுடன் ஒரே படகில் போய்வந்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் மணலில் விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அந்தக் கிறுக்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொம்பளப் புள்ள மட்டும் கீற வூடு,” என்று தலைவர் முடித்தார். “நாளைக்குக் கட்டிக் குடுத்தா பூடும். அதுக்கு ஏரியில எடத்தப் புடிச்சி வெச்சிக்கினு இன்னா பண்றது?”

நான் எழுந்து வந்துவிட்டேன். கையெழுத்து நன்றாக இருப்பதற்காகப் பாராட்டப்பட்டவன் நான். குரல் உயர்த்தப் பழகியவன் அல்ல.

அதன்பின் தம்பி மனைவி விடியலில் வேன் ஏறி இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். பொதுத்தேர்வு முடிந்ததும் மகளும் அதே வேனில் ஏற வேண்டியதுதான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேறொரு வழி இருந்தது, ஒன்றே ஒன்று. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் பதினொன்றாம் வகுப்பும், சாப்பாடும், பயிற்சியும் அங்கேயே. அவள் ஓடியது பதக்கத்துக்காக அல்ல. வேனில் ஏறாமல் இருப்பதற்காக.

அவள் சிறு வயதிலிருந்தே கடற்கரையில் கலங்கரை விளக்கத்தின் பக்கமாக ஓடிப் போய்த் திரும்புபவள். குறுக்கு நாட்டு ஓட்டம் அவளுக்கு இயல்பாகவே வந்தது. தை மாதப் போட்டியில் வயல் வரப்பு, சேறு, முள், வாய்க்கால் எல்லாம் இருந்தன. ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்கள் சேற்றைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார்கள். இவள் அங்கேதான் கூட்டினாள். துக்க வீட்டுப் பெண் ஓடப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு அவள் தாயே பதில் சொல்லியிருந்தாள்: “அவ நைனாதான் பேர் குடுத்துட்டுப் போனாரு. போய்க் கேளுங்க அவர.”

போட்டி முடிந்ததும் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். இளைஞர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்ததைத் தண்டனையாக எண்ணாத ஒரே ஆசிரியர் என்பது என் கணிப்பு.

“கிராஸ் கன்ட்ரி முடிஞ்சுது,” என்றார் அவளிடம். “இனிமே டிராக். சேறு கிடையாது, மேடு கிடையாது, முள்ளு கிடையாது.”

“அப்புறம் இன்னா சார் கீது அதுல?”

“கோடுதான் இருக்கு.”

பள்ளி மைதானத்தில் வட்டம் போட இடம் போதாது. மாசியில் ஏரி ஓரமாகத் தண்ணீர் வற்றி, தரை இறுகித் தட்டையாகிவிடும். அங்கே தடம் போடலாம் என்றார். சுண்ணாம்புக் கோடு காற்றில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. தம்பி மனைவி கூரையடியில் கிடந்த பழைய வலைக்கயிறுகளைக் காட்டினாள். “சும்மாதான கெடக்குது, எடுத்துனு போங்க சார்.” மிதப்புகள் கோத்த அந்தக் கயிறுகளை வளைத்துப் போட்டு, முளையடித்து, இரண்டு தடங்கள் செய்தார்கள். மூன்று மாதம் என் தம்பியின் வலைக்கயிற்றை ஒட்டியபடியே அவன் மகள் ஓடினாள். இரவல் வாங்கிய ஸ்பைக்ஸை, அடியில் ஆணி வைத்த காலணியை, போட்ட முதல் நாள், “கால் மூச்சு முட்டுது சார்,” என்று கழற்றி வீசினாள். இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டாள்.

எண்ணூறு மீட்டரின் விதியை அந்த ஆசிரியர் அவளுக்கு என் எதிரிலேயே விளக்கினார். முதல் வளைவு முடியும் வரை அவரவர் தடத்தில் ஓட வேண்டும். அங்கே தரையில் ஒரு கோடு இருக்கும், ஓரத்தில் கொடி இருக்கும். அதைத் தாண்டியதும் எல்லோரும் உள்தடத்துக்கு வந்துவிடலாம். வர வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் வராதவன் முட்டாள். இதை அவர் பலமுறை சொன்னார். அவளைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவள் பிழையில்லாமல் சொன்னாள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிறகு அங்கிருந்தவர்கள் சொன்னது வேறு.

சித்திரைத் தேர்வில் அவளுக்கு ஐந்தாவது தடம் விழுந்தது. முதல் வளைவு முடிந்த இடத்தில், உள்ளே ஓடிய பெண்ணைவிட இரண்டடி முன்னால் இருந்தாள். கொடியைத் தாண்டியதும் மற்ற ஏழு பேரும் தீவனம் வைத்த இடத்துக்கு ஓடும் கோழிகளைப்போல உள்ளே பாய்ந்தார்கள். இவள் பாயவில்லை. ஐந்தாவது தடத்திலேயே போனாள்.

“உள்ள வா! உள்ள வாடி!” என்று ஆசிரியர் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். எனக்குப் பக்கத்திலிருந்த யாரோ, “யாருப்பா அது, ரோட்டோரமா போற டவுன் பஸ் மாதிரி,” என்றார். சிரித்தார்கள். அவள் அடுத்த வளைவையும் வெளியிலேயே சுற்றினாள். அதற்கடுத்த இரண்டையும். கடைசி நேர்கோட்டில் அவள் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பின்னால் தள்ளியதை நான் பார்த்தேன். நான்கு பேர், ஐந்து பேர். இரண்டாவதாக முடித்தவளுக்கும் இவளுக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்தது.

தேர்வாளர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். “என்னம்மா, ஸ்டேடியத்தச் சுத்திப் பாக்க வந்தியா?” பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். “காலு இருக்கு சார். மண்டையில ஒண்ணுமில்ல. கிராமத்துப் புள்ளைங்க, ரூல்ஸ் சொன்னா ஏறாது.”

நான் அவரிடம் போனேன். தடத்தின் அகலம் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாவது தடம் நான்கு அகலம் வெளியே இருக்கிறது. ஒரு வளைவுக்கு அதன் பை மடங்கு, மூன்று வளைவுகள். இந்தப் பெண் மற்றவர்களைவிட நாற்பத்தைந்து மீட்டர் அதிகம் ஓடி மூன்றாவதாக வந்திருக்கிறாள் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

“கரெக்டுதான் சார்,” என்றார், பொறுமையாகவே. “ஆனா கணக்குக்கு சீட்டு குடுக்க முடியாதே. முதல்ல வந்த ரெண்டு பேரு.”

அவர் சொன்னதில் தவறில்லை. தவறில்லாத ஒருவர் மீது வரும் கோபத்துக்கு வடிகால் கிடையாது.

பொன்னேரியில் அடுத்த பேருந்துக்காக நின்றிருந்தோம். ஆசிரியர் தேநீர் வாங்கப் போயிருந்தார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன்.

“விதி உனக்குத் தெரியாதா?”

“தெரியும் பெரிப்பா.”

“கொடியைப் பார்த்தாயா?”

“பாத்தேன்.”

“பிறகு?”

அவள் ஸ்பைக்ஸ் பையின் கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். “உள்ள ஒரு பொண்ணு வந்துனு இருந்தா.”

“உனக்குப் பின்னால்தானே வந்தாள்? இரண்டடி இருந்தது. நானே பார்த்தேன்.”

“இருந்துச்சு. ஆனா அவ எடம் பெரிப்பா அது. மொதல்லேர்ந்து அதுல வந்துனு இருக்கா. நான் குறுக்க பூந்தா அவ இன்னா பண்ணுவா?”

எனக்கு உடனே ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அதுதான் என் கோபத்தைக் கட்டுமீறச் செய்தது. தம்பி சாவதற்கு ஓராண்டுக்கு முன், ஊருக்கு வந்திருந்த என்னை அவன் படகில் அழைத்துப்போனான். மகள்தான் கழி ஊன்றினாள். திரும்பும் வழியில் யாரோ வலை கட்டியிருந்தார்கள். கழிகளுக்கு நடுவே ஒரு படகு நுழைய இடைவெளி இருந்தது. அவள் படகை அங்கே திருப்பினாள்.

“எங்கடி போற?” என்றான் தம்பி.

“எடம் கீதே நைனா.”

“கீது. உன்னுதா அது? சுத்திப் போ.”

சுற்றிப் போவதென்றால் ஆழமில்லாத சேற்றில் இறங்கிப் படகைத் தள்ள வேண்டும். நல்ல வெயில். “யார்டா பார்க்கப் போறாங்க?” என்றேன் நான்.

“எவன் பாக்கணும்? நாம உள்ள பூந்தா இறாலு கலஞ்சி ஓடிரும். அப்பால அவன் வூட்ல இன்னாத்த துன்றது?” இருவரும் இறங்கித் தள்ளினார்கள். நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன். “புரொபசரு கனம் ஏறிட்டாரு, நல்லா தள்ளுடி,” என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பொன்னேரிப் பேருந்து நிலையத்தில் அவன் மகளிடம் நான் சொன்னது இதுதான்: “உன் அப்பன் ஆயுள் முழுக்கச் சுற்றிப் போனான். அவன் இடத்தில் இன்றைக்கு எவன் வலை கட்டுகிறான் என்று பார்.”

“எனக்குத் தெரியாதா?” அவள் குரல் என் குரலைவிட உயர்ந்தது. “தெனம் அத்தப் பாத்துனுதான ஓடறேன்? கயிறு போட்ட எடத்துலேர்ந்து நேரா தெரியுது. நீதான் வூட்டுக்குள்ள குந்திக்கினு கீற.” பிறகு சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “கத்தாத பெரிப்பா. எல்லாரும் பாக்கறாங்க.”

நான் கத்தியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் கோபம் யார்மீது என்று பல நாள் பிரித்துப் பார்த்தேன். தேர்வாளர் மீதல்ல. அவள் மீதல்ல. ஓர் ஊர் ஒரு விதியைச் செய்கிறது. அந்த விதியை ஒருவன் தன் மகளின் எலும்பு வரை இறக்குகிறான். பிறகு அவன் செத்துப்போகிறான். அவன் உடல் சூடு ஆறுவதற்குள் அந்த ஊரே விதியை எடுத்துத் தூர வீசிவிடுகிறது. யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. ஊரில் அந்த விதியை இன்னும் வைத்திருந்தவள் அவள் ஒருத்தி. அதற்கான அபராதத்தையும் அவளே கட்டினாள். இதை எழுதும்போதும் எழுத்து நேராக நிற்பதற்காக என் மணிக்கட்டை மேசையில் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

தேர்வானவர்களில் சிலர் சேராததால் வைகாசியில் மறுதேர்வு என்று அறிவித்தார்கள். ஆசிரியர் கயிறுகளைச் சுருட்டி ஓரமாக எறிந்தார். குப்பத்துப் பெண்கள் நால்வரைக் கூட்டிவந்து, உள்ளே ஓடும் அவர்களுக்கு முன்னால் இவள் வெளியிலிருந்து குறுக்கிட வேண்டும் என்றார். முதல் நாள் எட்டு முறை முயன்று எட்டு முறையும் கடைசி நொடியில் விலகினாள். மூன்றாம் நாள் ஒருமுறை குறுக்கிட்டாள். பின்னால் வந்தவள் தடுமாறி, “ஏய், கண்ணு பூச்சா?” என்று கத்தினாள். இவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய், “சாரிடி, சாரிடி,” என்றாள்.

“நிக்காத!” என்றார் ஆசிரியர். “சாரிய ஓடிக்கினே சொல்லு!”

அவள் அப்படியே செய்தாள். ஒவ்வொரு முறை குறுக்கிடும்போதும், ஓடியபடியே, தலையைத் திருப்பாமல் மன்னிப்புக் கேட்டாள். நான் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சற்று தொலைவில், ஏரிக்குள், தலைவரின் தங்கை மகன் வலை கட்டிக்கொண்டிருந்தான். மார்கழியிலிருந்து அவன் வாயில் அந்தச் சொல் ஒருமுறைகூட வந்ததில்லை.

மறுதேர்வில் கொடியைத் தாண்டியதும் உள்ளே வந்தாள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். முதலாவதாக முடித்தாள். இடம் கிடைத்தது. ஆசிரியர் அழுதார். நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

மூன்றாம் நாள் காலை படகுத்துறையில் ஒரு பிளெக்ஸ் நின்றது. ‘தங்க மங்கையே! குப்பத்தின் குலக்கொழுந்தே!’ என்று எழுதியிருந்தது. தலைவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். அவர் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியுடன் தங்கை மகன். அவள் நடுவில், சிறிதாக. மேல் மூலையில், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலிருந்து வெட்டியெடுத்த என் தம்பியின் முகம், ஒரு மேகத்துக்குள்.

நான் மேகத்தையும் முகத்தையும் மறுபடி பார்த்தேன். பிறகு கழியைப் பிடித்து ஆட்டினேன். அறுபத்தெட்டு வயதில் பொது இடத்தில் ஒரு பொருளைச் சேதப்படுத்த முயன்றது அதுவே முதல் முறை. தம்பி மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

“கிழிக்காதீங்க மாமா. நல்ல கனமான ஷீட்டு.”

“இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?”

“நெத்திலி காய வெக்கலாம். மண்ணு ஒட்டாது.”

அவளே கட்டுகளை அவிழ்த்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அரிவாள்மனையால் கணவன் இருந்த மூலையையும் மகள் இருந்த நடுப்பகுதியையும் வெட்டி எடுத்தாள். மீதியை மணலில் விரித்து, படம் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டு, கூடையிலிருந்த நெத்திலியை அதன்மேல் பரப்பினாள். வழியில் போன ஒருத்தி நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா, தலைவரு மூஞ்சில மீன் காயுது?”

“அங்கதான் வெயிலு நல்லா அடிக்குது.”

மாலையில் தலைவர் அந்த வழியாக வந்தார். பார்த்தார். நடையை எட்டிப் போட்டார். பாட்டைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. தம்பி மனைவி மறுநாள் விடியலில் தனியாக வேன் ஏறினாள்.

செய்யப்படாமல் நிற்பவை:

அடுத்த குலுக்கலுக்கு முன் ஊர்க்கூட்டத்தில், மணலில் உட்கார்ந்து, தம்பியின் பாட்டைக் கேட்பது.

இரவல் ஸ்பைக்ஸைத் திருப்பிக் கொடுப்பது.

ஆசிரியருக்கு நன்றி சொல்வது. இரண்டு முறை போய், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

விடுதிக்குப் போய் அவளைப் பார்ப்பது. கருவாடு கொண்டுவரக் கூடாது என்பது அவள் நிபந்தனை.

ஏரிக்குள் போய்த் தம்பியின் கழிகளைப் பிடுங்கிக் கொண்டுவருவது. தங்கை மகன் புதுக் கழி வாங்கவில்லை, அவற்றில்தான் கட்டுகிறான்.